அத்தா ‘போடு’ என்றார்

நம் வயதுக்காரர்களிடம் அம்பாசிடர் கார் என்று சொன்னாலே முகத்தில் ஒரு சிரிப்பு வந்துவிடும். பின் சீட்டில் ஏழு பேர் நெருக்கி உட்கார்ந்தது, மடியில் தூக்குவாளியை வைத்துக்கொண்டு போனது, கதவை இரண்டு தடவை அறைந்து சாத்தியது என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். போன மாதம் பள்ளித் தோழிகள் நாலைந்து பேர் ஒரு கல்யாணத்தில் கூடினோம். அப்போதும் அந்தப் பேச்சு வந்தது. நான் எழுந்து கை கழுவப் போவதுபோலப் போய்விட்டேன். ஏன் போனேன் என்று ஒருத்தி கேட்டாள். அன்றைக்குச் சொல்ல வாய் வரவில்லை. அவளுக்கும் சேர்த்து இங்கே சொல்லிவிடுகிறேன்.

எனக்கு அப்போது பத்து வயது. அப்பாவை நாங்கள் அத்தா என்போம். அத்தா பல வருஷம் சவூதியில் ஒரு கிடங்கில் வேலை பார்த்துவிட்டு, இனிமேல் போவதில்லை என்று ஊருக்கு வந்திருந்தார். வந்த மூன்றாம் மாதம் மெட்ராஸுக்குப் போய் பழைய அம்பாசிடர் ஒன்றை வாங்கி வந்தார். பால் ஏடு மாதிரி ஒரு நிறம். அதை முன்னால் வைத்திருந்தவர் யாரோ அதில் ஏசி பொருத்தியிருந்தார். விருத்தாசலத்தில் வாடகைக்கு ஓடிய முதல் ஏசி கார் நம்முடையதுதான் என்று அத்தா சொல்லிக்கொள்வார். உண்மையா என்று எனக்குத் தெரியாது. கார் வந்த அன்று தெருப் பிள்ளைகள் அத்தனை பேரையும் பகுதி பகுதியாக உள்ளே ஏற்றி, கண்ணாடியை மூடி, ஏசியைப் போட்டுக் காட்டினார். ஈரச் சாக்கும் பழைய சென்ட்டும் கலந்த ஒரு வாசனை முகத்தில் அடித்தது. வெளியே வந்தால் வெயில் தோலை உரித்தது. மறுபடியும் ஏறுவதற்குப் பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள்.

அத்தாவுக்கு ஓட்டத் தெரியாது. ஓட்டியவர் மச்சான். அத்தாவின் அக்காவை நாங்கள் மாமி என்போம். மச்சான் அந்த மாமியின் ஒரே மகன். மாமியின் வீடு எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி. மச்சானின் சின்ன வயதிலேயே மாமா இறந்துபோனார். மச்சான் செராமிக் பட்டறையில் வேலை செய்தார். கரண்டு கம்பத்தில் வைக்கிற பீங்கானை அச்சிலிருந்து எடுத்து, ஈரம் காய்வதற்குள் ஓரம் சீவிச் சரிசெய்கிற வேலை. அதற்கு இரண்டு கையும் வேண்டும்; ஒரு கை சுற்ற, ஒரு கை சீவ. வாடகை இருக்கிற நாளில் கார், இல்லாத நாளில் பட்டறை. அவர் சட்டையில் எப்போதும் வெள்ளை மண் பூத்திருக்கும். காரில் ஏறும் முன்பு அத்தா அவரைத் துண்டால் நாலு அடி அடித்துத் தட்டிவிடுவார்.

என் அக்காவை மச்சானுக்குத்தான் என்று இரண்டு வீட்டிலும் பேசி வைத்திருந்தது. அக்கா பிளஸ் டூ எழுதி முடித்திருந்தாள். ரிசல்ட் வந்து, மாமி கையில் கொஞ்சம் பணம் சேர்ந்ததும் நிக்காஹ் என்று பேச்சு. அந்தக் கோடை முழுக்க அக்கா எதற்கெடுத்தாலும் சிரித்துக்கொண்டிருந்தாள். தண்ணீர்க் குடத்தை இறக்கி வைக்கும்போதுகூடச் சிரித்தாள்.

காரில் ஒரு குறை இருந்தது. ஏசியைப் போட்டதும் அது கத்தும்.

சின்னச் சத்தம் இல்லை. கோழிக் கழுத்தைப் பிடித்தாற்போல ஒரு கீச்சல். இன்ஜின் முன்னால் இரண்டு பெல்ட்டு ஓடும். உள்ளே ஓடுவது ஃபேன் பெல்ட்டு. அது காற்றாடியையும் டைனமோவையும் சுற்றும். ஏசியைப் போட்டால் டைனமோவுக்குப் பாரம் ஏறி அதுதான் வழுக்கும். வெளியே ஓடுவது ஏசிக்கு. உள்ளே இருப்பதை மாற்ற வேண்டுமென்றால் வெளியே இருப்பதை முதலில் கழற்ற வேண்டும். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், அந்த வருஷம் எங்கள் வீட்டில் சோற்றைப் பற்றிப் பேசியதைவிடப் பெல்ட்டைப் பற்றிப் பேசியதுதான் அதிகம்.

கருவேப்பிலங்குறிச்சியில் தெரிந்தவர் வீட்டுக் கல்யாணம் ஒன்றுக்குக் கார் போயிற்று. அத்தாவும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு முன் சீட்டில் போனார். அக்காவும் நானும் அம்மாவும் பின்னால் ஒரு வேனில். பெண்ணும் மாப்பிள்ளையும் ஏறினார்கள். மச்சான் சாவியைத் திருப்பி ஏசியைப் போட்டார். கார் வீறிட்டது. நாதஸ்வரக்காரர் வாசிப்பை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். கூட்டத்தில் ஒரு கிழவர், “என்னாப்பா, பொண்ணு அழுவுறதுக்கு முன்னாடி வண்டி அழுவுது?” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். மணப்பெண்ணும் சிரித்தாள். அத்தா சிரிக்கவில்லை. அன்று வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் பானட்டைத் திறந்து நின்றார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வாடகைக்கு முன்னாலும் பெல்ட்டை இறுக்குவது என்று ஆயிற்று. வாசலில் வேப்பமரத்தடியில் கார் நிற்கும். அத்தா ஒரு சின்னக் கடப்பாறையை டைனமோவுக்கும் இன்ஜினுக்கும் நடுவில் கொடுத்து நெம்புவார். நெம்பினால் டைனமோ விலகும், பெல்ட்டு விறைக்கும். அப்படியே அவர் பிடித்துக்கொண்டிருக்கையில் மச்சான் ஸ்பேனரால் போல்ட்டை முடுக்குவார். பிறகு கட்டை விரலால் பெல்ட்டை அமுக்கிப் பார்ப்பார்.

“மாமா, இவ்ளோ டைட்டு வேணாம். கொஞ்சமாச்சும் அமுங்கணும். பேரிங்கு போயிரும்.”

“லூசா இருந்தாதான்டா வழுக்குது. வழுக்குனா கத்துது. இதுல என்னா இருக்குது?”

“சோப்பு தடவிப் பாக்கலாம் மாமா.”

“சோப்பு தடவி ஓட்டறதுக்கா இத வாங்குனேன்?”

ஆனால் சோப்பும் தடவினார்கள். சலவை சோப்புக் கட்டியைப் பெல்ட்டின் ஓரத்தில் வைத்துத் தேய்ப்பார் மச்சான். இரண்டு நாள் சத்தம் இருக்காது. மூன்றாம் நாள் நல்லூர் பக்கமோ வேறெங்கோ போகும் வழியில் மறுபடி வீறிடும். பெல்ட்டுக் கடைக்காரர் போலிச் சரக்கு விற்கிறார் என்று அத்தா கடைவீதியில் நின்று சண்டை போட்டார். அவரோடு ஒன்றாகப் படித்தவர் அந்தக் கடைக்காரர். அதோடு அந்த வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் பேச்சு நின்றது.

பெல்ட்டை இறுக்கும் நேரத்தில் சாவி அக்காவின் கையில் இருக்கும். அது அத்தாவின் ஏற்பாடு. பெண்ணும் பையனும் ஓரிடத்தில் நிற்க ஒரு காரணம் வேண்டும் என்று அவரும் நினைத்திருப்பார். அந்த மாதிரி விஷயங்களில் அத்தா இளகின மனசுக்காரர். அக்கா டிரைவர் சீட்டில் உட்காருவாள். நான் அவள் பக்கத்தில். பானட் தூக்கியிருக்கும், எதிரே பால் நிறத் தகடு தவிர வேறொன்றும் தெரியாது. அந்தப் பக்கமிருந்து அத்தா குரல் கொடுப்பார். “போடு” என்றால் செல்ஃப் போட வேண்டும். “நிறுத்து” என்றால் சாவியைத் திருப்பி நிறுத்த வேண்டும். நிறுத்து என்றதும் அக்கா வேண்டுமென்றே கொஞ்சம் தாமதிப்பாள். “எம்மா தாயே, நிறுத்தும்மா” என்று மச்சான் கத்துவார். அவள் துப்பட்டாவை வாயில் வைத்துக்கொண்டு சிரிப்பாள்.

பட்டறையிலிருந்து மச்சான் அவளுக்கு ஒரு பீங்கான் குருவி கொண்டுவந்து கொடுத்திருந்தார். பொம்மைப் பிரிவில் சூளையிலிருந்து கோணலாக வந்ததால் தள்ளிவிட்டது. வர்ணம் அடிக்காமல், கண் எழுதாமல், வெறும் வெள்ளை. அக்கா அதைத் தலையணை உறைக்குள் வைத்திருந்தாள். அது எப்போது தொலைந்தது, யார் எடுத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. தெருவெல்லாம் உடைந்த பீங்கான் துண்டு கிடக்கும் ஊர் அது. அதில் ஒன்றாகப் போயிருக்கும்.

அன்றைக்குக் காலையில் புது ஃபேன் பெல்ட்டு வாங்கி வந்திருந்தார் அத்தா. இந்தத் தடவை நெய்வேலியில் வேறு கடையில் வாங்கினார். அட்டை உறையைக் கிழித்ததும் புது ரப்பர் வாசனை வந்தது. செருப்புக் கடைக்குள் போனதுபோல. மதியம் ஒரு நிச்சயதார்த்தத்துக்குக் கார் போக வேண்டியிருந்தது. ஏசி பெல்ட்டைக் கழற்றி வைத்துவிட்டு, மச்சான் புதுப் பெல்ட்டைக் காற்றாடியின் ஒவ்வொரு இறக்கையாகத் தாண்டவிட்டு உள்ளே இறக்கினார். நான் வெளியே நின்று அதைப் பார்த்தேன். பிறகு அக்கா கூப்பிட்டாள் என்று உள்ளே போய் உட்கார்ந்தேன்.

இப்போதெல்லாம் மெக்கானிக்குகள் இந்த வேலையைத் தொடும் முன்பு பேட்டரி வயரைக் கழற்றிவிடுகிறார்கள். பல இடங்களில் பார்த்துவிட்டேன். எங்கள் வாசலில் அதை யாரும் கழற்றவில்லை. அடிக்கடி ஸ்டார்ட் பண்ணிப் பார்க்க வேண்டுமே என்று அப்படியே விட்டிருந்தார்கள்.

இரண்டு தடவை போட்டு நிறுத்தினாள் அக்கா. இரண்டு தடவையும் கத்தியது. மூன்றாம் தடவை நெம்பியபோது பெல்ட்டு கீழ்ச் சக்கரத்தில் சரியாக உட்காராமல் ஓரத்தில் ஏறி நின்றிருக்கிறது. மச்சான் குனிந்து இடது கை விரல்களால் அதைச் சக்கரத்தின் காடிப் பள்ளத்துக்குள் தள்ளிப் பிடித்திருக்கிறார். வலது கையில் ஸ்பேனர். அத்தா கடப்பாறையை முழு பலத்தோடு நெம்பிக்கொண்டிருந்தார். இதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது. உள்ளே இருந்த எங்களுக்குத் தெரிந்தது பானட் மட்டும்.

அத்தா, “போடு, போடு” என்றார்.

ஸ்பேனரைப் போட்டு முடுக்கு என்று மச்சானிடம் சொன்னார் அவர். அக்கா செல்ஃப் போட்டாள்.

இன்ஜின் முழுசாகப் பிடிக்கக்கூட இல்லை. ஒரு சுற்றோ இரண்டு சுற்றோ. பெல்ட்டு கத்தியது என்றுதான் முதலில் நினைத்தேன். கத்தியது மச்சான்.

“நிறுத்து” என்று யாரும் சொல்லவில்லை. அக்கா தானாகவே நிறுத்தினாள். இறங்கி ஓடினாள். நான் இறங்கவில்லை. மச்சானைப் பானட்டுக்கு இந்தப் பக்கம் இழுத்து வந்து அத்தா தன் வெள்ளைத் துண்டை எதிலோ சுற்றிக்கொண்டிருந்ததும், அடுத்த நிமிஷம் அது வெள்ளையாக இல்லாததும் பக்கக் கண்ணாடி வழியே தெரிந்தது. கார் வாசலில் நிற்க, பக்கத்து வீட்டுக்காரரின் ஸ்கூட்டரில் நடுவில் உட்காரவைத்து மச்சானைக் கொண்டுபோனார்கள்.

இடது கையில் மூன்று விரல்கள் போயின. கட்டை விரலும் சுண்டு விரலும் மிஞ்சின.

ஆஸ்பத்திரி வாசலில் மாமி தலையில் அடித்துக்கொண்டு, “எப்படிடா ஆச்சு?” என்று கேட்டபோது அத்தா, “ஓடுற இன்ஜின்ல கைய வுட்டுட்டான் அக்கா” என்றார். உள்ளே மச்சானிடமும் மாமி கேட்டிருக்கிறாள். அவரும் ஆமாம் என்றே சொல்லியிருக்கிறார். அக்காவின் பெயர் வந்துவிடக் கூடாது என்று இரண்டு பேரும் தனித்தனியே முடிவு செய்தார்கள். ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளவும் இல்லை.

வீட்டுக்கு வந்து அத்தா எங்கள் மூன்று பேரையும் உட்காரவைத்தார். “வண்டியில யாரும் இல்ல. வண்டி தானா ஓடிக்கிட்டு இருந்திச்சு. அவ்ளோதான். நாளைக்கு ஊர்ல, கட்டிக்கப் போறவன் கைய எடுத்தவள்னு இவளச் சொல்லிடுவாங்க. வாழ்நாள் பூரா சொல்லுவாங்க.”

“நீங்க போடுன்னீங்க அத்தா” என்றாள் அக்கா.

“ஒன்னச் சொல்லலம்மா.”

“எனக்கு அப்படித்தான் கேட்டிச்சு.”

“ஒன்னச் சொல்லல” என்றார் மறுபடியும். அதற்குமேல் அத்தா அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. மௌத்தாகிக் கண்ணை மூடும் வரை பேசவில்லை.

அக்கா மச்சானைப் பார்க்கப் போக வேண்டும் என்று அழுதாள். சாப்பிடவில்லை. இரண்டு நாள் கழித்து அத்தா ஆஸ்பத்திரியிலிருந்து வந்து, “அவன் ஒன்னப் பாக்க வேணாம்னு சொல்லிட்டான். ஒன் மொகத்துல முழிச்சா அதுதான் ஞாபகம் வருதாம். வுட்டுடும்மா” என்றார். அக்கா அழுகையை நிறுத்தினாள். அவள் அப்படிச் சட்டென்று நிறுத்தியதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அன்றிலிருந்து அந்த வீட்டில் சிரிப்பு என்று ஒன்று கேட்கவில்லை.

கையில் கட்டு பிரித்த பிறகு ஒரு வெள்ளிக்கிழமை மாமி வந்தாள். ஜும்ஆ தொழுகை முடிந்து அத்தா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மாமி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

“தேதி வெச்சுடலாமா தம்பி?”

அத்தா தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். “வேணாங்க்கா.”

“என்னா வேணாம்?”

“ரெண்டு பேருக்கும் நல்லதுக்குத்தான் சொல்றேன்.”

“வெரலு இல்லாதவனுக்கு எப்படிக் குடுக்கறதுன்னு பாக்குறியா? ஒன் வண்டியிலதான்டா போச்சு அந்த வெரலு. ஒன் வாசல்ல.”

அத்தா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். அவர் மனதில் இருந்தது வேறு என்று இப்போது எனக்குப் படுகிறது. தினமும் அந்தக் கை சம்பாதித்த சோற்றைத் தின்று, அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு இவள் எப்படி வாழ்வாள் என்று அவர் நினைத்திருப்பார். அதைச் சொல்ல வேண்டுமென்றால் சாவி யார் கையில் இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அதனால் தன் அக்காவிடம், ஊனத்தைப் பார்த்துப் பெண் கொடுக்க மறுத்தவன் என்ற பெயரை வாங்கிக்கொண்டார். அம்மா அடுப்படியில் நின்று முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். அக்கா உள்ளறையில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு இருந்தாள். மாமி அந்த நிலையைத் தாண்டி மறுபடி எங்கள் வீட்டுக்குள் வரவே இல்லை. அத்தா இறந்தபோது மையத்து முகம் பார்க்கவும் வரவில்லை.

அந்த வருஷக் கடைசியில் அக்காவைத் திருச்சிப் பக்கம் கொடுத்தார்கள். அதற்குச் சில நாள் முன்பு காரை விற்றார் அத்தா. வாங்க வந்தவர் ஒரு மெக்கானிக்கைக் கூட்டி வந்திருந்தார். அவர் பெல்ட்டைக் கழற்றி, கீழ்ச் சக்கரத்தின் காடிக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். “அடி பாருங்க, கண்ணாடியாட்டம் மின்னுது. காடி தேஞ்சுபோயி பெல்ட்டு அடியில ஒக்காருது. பக்கவாட்டுலதான பெல்ட்டு புடிக்கணும்? இத நீங்க எவ்ளோ இறுக்குனாலும் கத்தத்தான் செய்யும் பாய். சக்கரத்த மாத்தியிருந்தா முடிஞ்சிருக்கும்.”

சாதாரணமாகத்தான் சொன்னார். விலையைக் குறைக்கச் சொன்னதாகக்கூட இருக்கலாம். அத்தா குனிந்து அந்தக் காடியைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு வீட்டுக்குள் போய்ப் படுத்துக்கொண்டார். சாவியை அம்மாதான் எடுத்துக் கொடுத்தாள்.

அக்காவின் வீட்டுக்காரர் நல்ல மனிதர். இரண்டு பிள்ளைகள் பிறந்தன. வெளியே பார்த்தால் ஒரு குறையும் இல்லை. ஆனால் எந்த வண்டியிலும் அவள் முன் சீட்டில் உட்கார மாட்டாள். யாராவது ஸ்டார்ட் பண்ணும்போது இரண்டு கையையும் மடியில் கோத்து இறுக்கிக்கொள்வாள். நான் போகும்போதெல்லாம், பிள்ளைகள் அந்தப் பக்கம் போனதும், என் முழங்கையைப் பிடித்துக் கேட்பாள். “அத்தா போடுன்னுதானடி சொன்னாரு? நீயும் கேட்டியில்ல?”

“ரெண்டு தடவ சொன்னாரு. நானும் கேட்டேன்க்கா.”

“அப்ப எனக்குப் பைத்தியம் இல்ல.”

“இல்லக்கா.”

அடுத்த தடவை போனாலும் அதையேதான் கேட்பாள். நாற்பது வயதிலும் கேட்டாள், ஐம்பதிலும் கேட்டாள். கடைசியாக ஆஸ்பத்திரிக் கட்டிலில் குழாய்களுக்கு நடுவிலும் உதடு அப்படித்தான் அசைந்தது. நான் தலையாட்டினேன். போன வருஷம் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

மச்சானுக்கு யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. அடக்கம் முடிந்து ஆட்கள் திரும்பியபோது அவரும் அவர்களோடு வந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. பட்டறை வேலை போன பிறகு ஜங்ஷன் பக்கம் ஒரு பெட்டிக்கடை வைத்தார், கல்யாணம் கட்டிக்கொள்ளவில்லை என்று மட்டும் கேள்விப்பட்டிருந்தேன். பந்தலுக்கு அடியில் கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இடது கை ஜிப்பாவின் பக்கப் பைக்குள் இருந்தது. நான் டீ கொண்டுபோய்க் கொடுத்தேன்.

வாங்கிக்கொண்டு கேட்டார்: “கடைசி வரைக்கும் அவளுக்கு எம்மேல வெறுப்பு போகலியாம்மா?”

எனக்குப் புரியவில்லை. “வெறுப்பா? நீங்கதான மச்சான் அவ மொகத்துல முழிக்க மாட்டேன்னு சொன்னீங்க.”

“நானா?”

“ஆஸ்பத்திரியில. அத்தாகிட்ட சொல்லி அனுப்புனீங்களே.”

டம்ளர் அவர் கையில் அப்படியே நின்றது. “நான் என்னாத்த சொல்லி அனுப்புனேன்? அவள ஒரு தடவ கூட்டிட்டு வாங்க மாமான்னு கெஞ்சுனேன். பயந்திருப்பா, நான் ஒண்ணும் நெனக்கலன்னு நேர்ல சொல்லணும்னேன். போடுன்னு அவரு சொன்னது எனக்கும்தான கேட்டிச்சு. எனக்கே அவ கிட்டச் சொன்ன மாதிரிதான் இருந்திச்சு.” டம்ளரை முழங்கால்மேல் வைத்துக்கொண்டார். “மறுநாளு உங்க அத்தா வந்து, அந்தப் பொண்ணு ஒன் கையப் பாத்து மெரண்டுபோச்சுடா, வேணாம்ங்குது, வற்புறுத்தாதன்னாரு. சின்னப் பொண்ணு, மெரளத்தான் செய்யும்னு வுட்டுட்டேன்.”

இரண்டு பேரிடமும் அத்தா ஒன்றையே மாற்றிச் சொல்லியிருக்கிறார். சீக்கிரம் மறந்துவிடுவார்கள் என்று நினைத்தாரோ என்னவோ. கேட்பதற்கு அவர் இல்லை. அம்மாவும் இல்லை.

“அவ சாப்பிடாம அழுதா மச்சான்” என்றேன். “உங்களப் பாக்கணும்னு அழுதா.” சொல்லக் கூடாது என்று தோன்றுவதற்குள் சொல்லிவிட்டேன்.

அவர் டீயைக் குடிக்காமல் நாற்காலிக்குக் கீழே வைத்தார். பந்தலில் வாடகைப் பாத்திரங்களை யாரோ எண்ணி அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

“இத நீ சொல்லாம இருந்திருக்கலாம்மா” என்றார். “அவ வேணாம்னுட்டான்னு நெனச்சேன். அந்த நெனப்ப வெச்சுக்கிட்டு எப்படியோ இருந்துட்டேன். இனிமே நான் எத வெச்சுக்கிட்டு இருக்கறது?”

அவர் பதிலுக்கு நிற்கவில்லை. “பஸ்ஸு இருக்குது. போயிட்டு வரேன்” என்று எழுந்தார். தெருமுனை வரைக்கும் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்காமல் போனார்.

அக்காவின் மகள் வாசலுக்கு வந்தாள். அவளுக்கு அக்காவின் கண்.

“யாரு சின்னம்மா அவரு? அம்மாவுக்குத் தெரிஞ்சவரா?”

“சொந்தக்காரரு” என்றேன். “தூரத்துச் சொந்தம்.”

அவள் கீழே இருந்த டீ டம்ளரை எடுத்து, ஆறிப்போனதை வாசலில் ஊற்றிவிட்டு உள்ளே போனாள்.